விஷமில்லாத கடி

குளியலறைக் கதவைத் திறந்ததும் மருமகளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான்.

நீல வாளிக்கும் சுவருக்கும் நடுவில், ஈர மூலையில், அது சுருண்டு படுத்திருந்தது. காப்பிக்கொட்டை நிறம், குறுக்கே வெளிறிய பட்டைகள், தட்டையான சின்னத் தலை. தெரியாதவர்கள் பார்த்தால் கொடிய விஷப் பாம்பு என்று சத்தியமே செய்வார்கள். ஆனால் இதற்கு விஷம் என்பதே கிடையாது. பல்லி பிடித்துத் தின்று பிழைக்கிற சாது. ஜாடையை வைத்தே ஊரை மிரட்டிக் காலம் தள்ளுகிறது. பழைய சிநேகிதியைத் தெருவில் எதிர்பாராமல் பார்த்தது போல அவள் முகம் மலர்ந்தது. இங்கே எங்கேடி வந்தே என்று கேட்கக்கூட வாயெடுத்தாள்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. இந்த வீட்டில் அவள் அலற வேண்டும்.

அலறிப் பழக்கமில்லை. மூச்சை இழுத்து, கண்ணை மூடி, தன்னால் முடிந்தவரை "ஆ" என்றாள். எதிர்வீட்டு மாடியில் இருப்பவரைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மாமனார் தலையைத் திருப்பாமலே சொன்னார். "பேரைச் சொல்லிக் கூப்பிடும்மா. சும்மா ஆன்னா யாரு வருவாங்க?"

வந்தது அவள் கணவன். வாயில் பல்துலக்கியும் நுரையுமாக அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். அவனுக்கு அலற வந்தது. குறையே சொல்ல முடியாத அலறல். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, கடைசியில் அந்த வீட்டில் யாரும் சொல்லக்கூடாத வார்த்தையையும் சேர்த்துக்கொண்டான்.

"பாம்பு."

கூடத்தில் நாற்காலி கவிழ்ந்த சத்தம் கேட்டது. அவள் குளியலறைக் கதவைச் சாத்தி, அடியில் இருந்த இடைவெளியில் ஈரத் துண்டைத் திணித்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தபோது, மாமனார் சாப்பாட்டு மேஜையின் மேல் நின்றுகொண்டிருந்தார். மாடிப்படி ஏறவே கைப்பிடி தேடுகிறவர் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பது அவருக்கே தெரியவில்லை. செய்தித்தாளும் மூக்குக்கண்ணாடியும் மட்டும் பத்திரமாகக் கையில் இருந்தன.

"உங்கம்மா எங்கடா?" என்று மகனைக் கேட்டார்.

காய்கறி வாங்கப் போயிருப்பதாக அவன் சொன்னான்.

"நல்லவேளை. அவ மட்டும் வீட்டுல இருந்திருந்தா இந்நேரம் பயத்துலயே போய்ச் சேர்ந்திருப்பா."

அவர் தன் பயத்தையெல்லாம் எப்போதும் மனைவி பேரில்தான் எழுதிவைப்பார். டிவியில் பாம்பு வந்தால் டிவியை மட்டுமல்ல, மீட்டர் பெட்டிக்குப் போய் வீட்டு மின்சாரத்தையே அணைத்துவிடுவார். உங்கம்மா பயப்படுவா என்பார். உங்கம்மா அப்போது சமையலறையில் வேலையாக இருப்பார், டிவி பக்கமே வந்திருக்க மாட்டார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் பச்சையாக இருக்கிறது, உங்கம்மா பயப்படுவா என்று சிவப்பில் மாற்றினார்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் பாம்போடு வேலை செய்கிறவள் மருமகளாக வந்திருந்தாள்.

விஷமுறிவு மருந்து தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் விஷம் எடுக்கும் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. கண்ணாடிக் குவளையின் வாயில் மெல்லிய தோலை இழுத்துக் கட்டி, பாம்பின் தலையைப் பின்னாலிருந்து பதமாகப் பிடித்து, அதைக் கடிக்க வைப்பாள். பல் தோலைத் துளைக்கும், மஞ்சளாக நாலு சொட்டு குவளைக்குள் இறங்கும். அதில் கொஞ்சமே கொஞ்சம் எடுத்துக் குதிரைகளுக்கு ஊசியாகப் போடுவார்கள். வாரக்கணக்கில் அளவைக் கூட்டிக் கூட்டிப் போட, குதிரைக்கு விஷம் பழகிவிடும். பழகிய குதிரையின் ரத்தத்திலிருந்துதான் மருந்து வரும்.

கல்யாணப் பேச்சு நடந்தபோது பெண் என்ன வேலை பார்க்கிறாள் என்று மாமனார் கேட்டார். மருந்துக் கம்பெனியில் என்றான் மகன். மருந்துக் கம்பெனியில் என்ன வேலை என்று கேட்டார். அப்பா முகத்தைப் பார்த்தான், மீட்டர் பெட்டியை நினைத்துக்கொண்டான், கணக்குப் பிரிவு என்று சொல்லிவிட்டான். கல்யாணம் முடியட்டும், மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவன் எண்ணம். மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக என்று அவன் யோசிக்கவில்லை. ஒரு வருஷம் ஓடிவிட்டது.

இதற்கிடையில் மாமனார் தன் வருமான வரிக் காகிதங்களை அவளிடம் தர ஆரம்பித்தார். அவளுக்குக் கூட்டலே தகராறு. காகிதங்கள் அவளோடு அலுவலகம் போய், அங்கே இருக்கிற நிஜமான கணக்கரின் கையால் சரிபார்க்கப்பட்டு வீடு திரும்பின. கணக்கு சுத்தமா இருக்கும்மா, கையெழுத்துதான் மீசை வெச்ச ஆள் எழுதின மாதிரி இருக்கு என்றார் மாமனார்.

அதுதான் அவர் பாராட்டு. பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க உடைந்த பிஸ்கட்டையும் கருகிய பிஸ்கட்டையும் ஒதுக்கித் தள்ளியே பழகிய வாய். மகன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றால், இதை வித்த கடைக்காரன் இன்னிக்கு நிம்மதியா தூங்குவான் என்பார். பக்கத்து வீட்டில் பிறந்த குழந்தையைக் காட்டியபோது, அப்படியே அப்பா ஜாடை, கவலைப்படாதீங்க, வளர வளர மாறிடும் என்றார். வைத்தியரிடம், உங்க மருந்து நல்லா இருக்கு டாக்டர், அதைச் சாப்பிட்டு நோய் தெம்பா இருக்கு என்றார். அவர் நாக்கில் விஷம் என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லும்.

மருமகள் போட்டுக் கொடுத்த முதல் காப்பியைக் குடித்துவிட்டு, "வெந்நீர் ரொம்ப நல்லா போட்டிருக்கேம்மா" என்றார். அன்றைக்கு அவள் அறைக்குள் போய் அழுதாள். இரண்டாம் மாதம் அழுகை வரவில்லை. மூன்றாம் மாதம் சிரிப்பு வந்தது. நம்ம குதிரைக்கு ஆகிற மாதிரியே எனக்கும் ஆகிவிட்டது என்று கணவனிடம் சொன்னாள்.

இன்னொன்றும் கவனித்திருந்தாள். மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், அவள் பேருந்தை விட்டு இறங்கியபோது மாமனார் குடையோடு நின்றுகொண்டிருந்தார். வெகுநேரமாக நிற்கிறார் என்பது முழங்கால் வரை நனைந்த வேட்டியில் தெரிந்தது. ஏன் மாமா இந்த மழையில் என்று கேட்டதற்கு, நீ நனைஞ்சு காய்ச்சல்ல படுத்துட்டா வீட்டுல நல்ல காப்பி கிடைச்சிடும், எனக்கு அது ஒத்துக்காது என்றார். பாம்பு கடித்தாலும் சில நேரம் விஷத்தை இறக்காது, பல் மட்டும்தான் படும் என்பது அவளுக்குத் தெரியும். மாமனாரின் கடியில் முக்கால்வாசி அந்த வகை.

ஆனால் பொய் வேறு. பொய்யை அவர் பொறுக்கவே மாட்டார். அவருடைய தம்பி சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டு மாடியில் நின்று புகைத்ததை ஒருநாள் பார்த்துவிட்டார். அத்தோடு பேச்சு நின்றது. குடும்பப் படம் எடுத்தால் அண்ணன் ஒரு கோடியில் நிற்பார், தம்பி மறு கோடியில் நிற்பார், நடுவில் சொந்தக்காரர்கள் எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். தான் எப்போது படத்தின் ஓரத்துக்குத் தள்ளப்படுவோமோ என்ற பயம் அவளுக்கு உள்ளூர இருந்தது. பாம்பிடம் இருந்த பயம்கூட எப்போதோ போய்விட்டிருந்தது.

இப்போது அவளுக்குத் தேவை இரண்டே நிமிஷம். ஒரு தலையணை உறையும், பார்க்க யாரும் இல்லாத வீடும் போதும். அப்பாவை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள் என்று கணவனின் காதில் சொன்னாள்.

அவன் போய்க் கூப்பிட்டான். மாமனார் மேஜையிலிருந்து இறங்க மறுத்தார். மேஜைக்கும் வாசலுக்கும் நடுவில் தரை இருக்கிறது, தரையில் கால் வைப்பதாக இல்லை என்றார். நான் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றான் மகன்.

"நாற்காலியிலேர்ந்து எழுந்திருக்க ரெண்டு தடவை முக்கறே. நீ என்னைத் தூக்கறதுக்கு அதுவே என்னைக் கடிச்சிட்டுப் போகட்டும்."

சொல்லிவிட்டு மருமகளைப் பார்த்தார். அவள் வெறுங்காலோடு குளியலறைப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். அவர் முகம் மாறியது.

"நீ ஏன்மா கீழ நிக்கறே? ஏறு மேல."

கையை நீட்டினார். கண் தரையை விட்டு அகலவில்லை, ஆனாலும் கை நீட்டியபடியே இருந்தது. அவளால் மறுக்க முடியவில்லை. வீட்டில் அந்தப் பாம்பைப் பிடிக்கக்கூடிய ஒரே ஆள், கையைப் பிடித்து ஏறி, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு மாமனாருக்குப் பக்கத்தில் மேஜையில் உட்கார்ந்தாள். அவரும் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார்.

பாம்பு பிடிக்கிற ஆளை வரச் சொல் என்று மகனுக்கு உத்தரவு போட்டார். மகன் மனைவியைப் பார்த்தான். எங்கள் கம்பெனிக் கிடங்குக்கு ஒருத்தர் வழக்கமாக வருவார், நானே கூப்பிடுகிறேன் என்று அவள் சொன்னாள். ஒரு பொய்யின் மேல் இன்னொன்று ஏறி உட்கார்ந்தது. விடுமுறை நாள். அலுவலகத்தில் வருஷக் கடைசிக் கணக்கை முடிக்க வந்திருந்த கணக்கரைத் தவிர யாரும் கிடையாது. மாமனார் காதை இந்தப் பக்கமே வைத்திருக்க, அவள் தொலைபேசியில் பேசினாள்.

"பாம்பு பிடிக்கிறவர் இருக்காரா?"

"மேடம், நீங்கதானே அது?" என்றார் கணக்கர்.

"ஓ, அவர் இல்லையா. சரி, நீங்களே வாங்க. நீங்களும் பிடிப்பீங்கல்ல?"

"நான் பேனா பிடிக்கிறவன் மேடம்."

"அதேதான். கம்பு, பை எல்லாம் எடுத்துக்கிட்டு உடனே எங்க வீட்டுக்கு வந்துடுங்க."

கணக்கர் நல்ல மனிதர். அந்த நிறுவனத்தில் சேர்ந்த நாளிலிருந்து பாம்பு அறை இருக்கிற தாழ்வாரத்தில் அவர் கால் வைத்ததில்லை. அந்தப் பிரிவுக்காரர்களின் சம்பளச் சீட்டைக்கூடக் குதிரைலாயத்து வழியாகச் சுற்றிவந்து கொடுத்தனுப்புவார். ஆனாலும் மேடம் கூப்பிட்டால் வராமல் இருக்க மாட்டார். கொஞ்ச நேரத்தில் வாசலில் வந்து நின்றார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தோல் மேலங்கி, முகத்துக்கு முன்னால் கண்ணாடித் தகடு, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஜோடிக் கையுறைகள். கொக்கிக் கம்பு பாம்பு அறைக்குள் இருந்ததால் அவரால் எடுக்க முடியவில்லை. அதற்குப் பதிலாகக் குதிரை தேய்க்கிற நீளக்காம்பு பிரஷ்ஷும் கொள்ளுச் சாக்கும் கொண்டுவந்திருந்தார்.

"வணக்கம் மேடம்" என்றார் தகட்டுக்குப் பின்னாலிருந்து.

மாமனார் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிஸ்கட்டைப் பார்ப்பது போல. எவ்வளவு காலமாக இந்தத் தொழிலில் இருக்கிறீர்கள் என்று கேட்டார். கணக்கர் வாய் தவறி, இந்த நிதியாண்டோடு பதினாலு முடியுது சார் என்றார்.

"இதுவரைக்கும் எத்தனை பிடிச்சிருக்கீங்க?"

"தோராயமாச் சொல்லட்டுமா, தணிக்கை முடிஞ்சதுக்கு அப்புறம் சொல்லட்டுமா சார்?"

மருமகள் இருமினாள். குளியலறை அந்தப் பக்கம் என்று கணவன் அவசரமாகக் கையைக் காட்டினான். கணக்கர் துண்டைக் காலால் நகர்த்தி, கதவைத் திறந்து, பிரஷ்ஷை முன்னால் நீட்டியபடி உள்ளே போனார். உள்ளே சத்தமே இல்லை. மேஜையில் இருந்தவளுக்குக் கை பரபரத்தது. கடைசியில் மெல்லிய குரல் வந்தது.

"மேடம், இது என்னையே பாக்குது. கண்ணைச் சிமிட்டவே மாட்டேங்குது."

"பாம்புக்கு இமை கிடையாது, அது உங்களைப் பாக்கல" என்று அவள் தன்னை மறந்து சொல்லிவிட்டாள்.

மாமனார் மெதுவாகத் திரும்பினார். கணக்குப் பிரிவில் இதெல்லாம் சொல்லித் தருகிறார்களா என்று கேட்டார். டிவியில் பார்த்தது என்றாள். அது டிவியில் வந்தால் வீட்டில் மின்சாரமே இருக்காதே என்றார். கல்யாணத்துக்கு முன்னால் பார்த்தது மாமா என்றாள். அவர் மேலே ஏதோ கேட்க வாயைத் திறந்தபோது குளியலறையில் வாளி உருண்டது.

கணக்கர் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தார். கூடத்தின் நடுவில் நின்றார். உட்கார்ந்தார். பிறகு யாரையும் தொந்தரவு செய்யாமல் ஒழுங்காகப் படுத்து மயங்கிவிட்டார். அவர் பூட்ஸின் மேலேறி இறங்கி பாம்பு வெளியே வந்தது. கணவன் சோபாவின் முதுகில் ஏறிக்கொண்டான். வெளிச்சம் பிடிக்காமல் இருட்டைத் தேடி அது விறுவிறுவென்று வந்து மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டது.

மேஜைவிரிப்பு தரைவரை தொங்கியது.

"இவர் பாம்பைப் பிடிக்க வந்தாரா, அதுக்கு வழி விட வந்தாரா?" என்று மாமனார் ஆரம்பித்தார். பயம் கூடக்கூட அவர் பேச்சும் கூடியது. கணக்கரின் பூட்ஸ், மகனின் வீரம், குளியலறை கட்டிய கொத்தனார் என்று ஒருவரையும் விடவில்லை. அந்த வேகத்தில் விரிப்பின் ஓரம் அசைந்ததை அவர் பார்க்கவில்லை. இந்த வகைப் பாம்புக்குச் சுவரேறவே வரும், துணி எம்மாத்திரம். அவர் ஊன்றியிருந்த கைக்கு ஒரு சாண் தள்ளி அந்தத் தட்டைத் தலை மேலே வந்தது.

பேச்சு நின்றது. அவள் அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டு அவள் பார்த்ததில்லை. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கண் அகன்று, உடம்பெல்லாம் இறுகி, மூச்சு மட்டும் வேகவேகமாக ஓடியது. புதிதாகப் பிடித்துக் கொண்டுவரும் பாம்புகள் கூண்டின் மூலையில் இப்படித்தான் இருக்கும். அவளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. போகட்டும், படத்தின் ஓரத்திலேயே நின்றுகொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டாள்.

கையை நீட்டி எடுத்தாள். ஒரு கை வயிற்றுக்கு அடியில், ஒரு கை கழுத்துக்குப் பின்னால். மேஜைவிரிப்பின் மடிப்பில் பிடி கொஞ்சம் தவறியதில் அது திரும்பி அவள் கட்டைவிரலுக்கு அடியில் கவ்விவிட்டது.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க" என்றாள் மெதுவாக. பாம்பிடம் சொன்னாளா, மாமனாரிடம் சொன்னாளா என்று யாருக்கும் தெரியவில்லை. அதன் வாயைப் பக்குவமாக விடுவித்து, கணவன் சோபாத் தலையணையிலிருந்து உருவிக் கண்ணை மூடிக்கொண்டே நீட்டிய உறைக்குள் விட்டு முடிச்சுப் போட்டாள். கையில் கடுகு தெளித்தது போல ரத்தப் புள்ளிகள் துளிர்த்தன.

அப்போது நடந்ததுதான் அவள் எதிர்பார்க்காதது. தரையில் கால் வைக்க மாட்டேன் என்ற மனிதர் மேஜையிலிருந்து பொத்தென்று தரையில் குதித்தார். அவள் கையைப் பிடித்தார். வண்டியை எடுடா, ஆஸ்பத்திரிக்குப் போகணும், நிக்கறியே என்று மகனைப் பார்த்துக் கத்தினார். தன் துண்டைக் கிழித்து அவள் மணிக்கட்டில் கட்டப் பார்த்தார், துண்டு கிழியவில்லை. கண் கலங்கியிருந்தது.

"மாமா, இதுக்கு விஷம் கிடையாது. சோப்புப் போட்டுக் கழுவினா போதும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் பதில் தேடுவதற்குள் தரையில் கிடந்த கணக்கர் பாதி மயக்கத்தில் வாயைத் திறந்தார்.

"மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும் சார். எங்க கம்பெனியில எந்தப் பாம்பும் மேடத்துக்கிட்ட மட்டும்தான் வாயைத் திறக்கும்."

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து, மாமனாருக்கு எதிரில் நின்று, எல்லாவற்றையும் சொன்னாள். விஷம் எடுப்பது, குவளை, குதிரை, வருமான வரிக் காகிதங்கள் எதையும் விடவில்லை. பொய் சொன்னது என் பிள்ளைதானே என்று அவர் நழுவ வழி கொடுத்தபோதும், ஒரு வருஷம் சும்மா இருந்தது நான்தான் மாமா என்றாள். அவர் கவிழ்ந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டார்.

"தினமும் இதையா தொடறே?"

"இதைவிடப் பெரிசு மாமா."

"அந்தக் கையாலதான் எனக்குக் காப்பி போட்டியா?"

"நல்லாக் கழுவிட்டுத்தான்."

"அதானே பாத்தேன். காப்பியில ஏதோ குறையுதேன்னு."

அவளுக்கு உயிர் வந்தது. கடி விழுந்துவிட்டது, விஷம் இல்லை. உனக்குப் பயமே கிடையாதா என்று அவர் கேட்டார். ஆரம்பத்தில் இருந்தது, அப்புறம் புரிந்துவிட்டது, அதற்குத்தான் நம்மிடம் பயம், பயத்தில்தான் சீறும், கடிக்கும் என்றாள். அவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நீ அதைப் பத்திச் சொல்றியா, என்னைப் பத்திச் சொல்றியா?"

"அதைப் பத்தித்தான் சொன்னேன் மாமா. நீங்க நடுவுல வந்துட்டீங்க."

அவர் சிரித்தாரா, தொண்டையைச் செருமினாரா என்பது தெரியாதபடி ஒரு சத்தம் வந்தது. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து தன் கௌரவத்தைத் திரட்டிக்கொண்டார். நடந்தது நடந்துவிட்டது, ஆனால் ஒன்று சொல்கிறேன் என்றார். இந்த வீட்டைக் கட்டிய நாளிலிருந்து இப்படி ஒன்று உள்ளே வந்ததில்லை. சாக்கடைத் துளைக்கெல்லாம் வலை அடித்து, கதவடிக்கெல்லாம் ரப்பர் வைத்து, தோட்டத்தில் ஒரு செங்கல்லை இன்னொரு செங்கல்மேல் இருக்கவிடாமல் காவல் காத்தது அவர். இன்றைக்கு ஏதோ ஒரு வலை பிய்ந்திருக்க வேண்டும், நாளைக்கே பார்த்துவிடுவார்.

"உன் வேலையை நீ பாரு. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ஒரே ஒரு விஷயம். உன் அத்தைக்கு மட்டும் தெரியக்கூடாது."

"அத்தைக்கா?"

"நான்கூடத் தாங்கிப்பேன். அவ தாங்க மாட்டா. கல்யாணமான புதுசுல தோட்டத்துல ஒரு கயித்தைப் பாத்துட்டு என் தோள்ல மயங்கி விழுந்தவ. அவளுக்காகத்தான் நான் இத்தனையும் செய்யறேன்."

பொய்யையே பொறுக்காதவர் இப்போது பொய்க்குத் திட்டம் போட்டார். மயங்கிக் கிடந்தவர் குழாய் ரிப்பேர்காரர். குளியலறையில் அடைப்பு. வாளி உருண்டது அதனால். பிரஷ் அடைப்பு எடுக்க. கணக்கர் எழுந்து உட்கார்ந்து, மேடம், நான் இன்னும் எத்தனை வேலை பார்க்கணும் என்று கேட்டார். கணவன் சோபாவிலிருந்து இறங்கி மேஜைவிரிப்பை இழுத்துச் சரிசெய்தான்.

அப்போது வெளி கேட் திறக்கிற சத்தம் கேட்டது. மாமியார்.

அந்த வீட்டில் அதிர்ந்து பேசாத ஒரே ஆள் அவர்தான். கணவர் என்ன சொன்னாலும் சரி, சரி என்று தலையாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். இரண்டு காய்கறிப் பைகளோடு உள்ளே வந்தவர், பூட்ஸ் போட்ட குழாய்க்காரரைப் பார்த்தார், சோபாவின் முதுகில் பதிந்திருந்த கால்தடத்தைப் பார்த்தார், மூச்சு வாங்கிக்கொண்டு பேப்பரைத் தலைகீழாகப் படிக்கும் கணவரைப் பார்த்தார். என்ன ஆச்சு என்று கேட்டார். மாமனார் அடைப்பு என்றார். அதே நேரத்தில் மகன் கசிவு என்றான். கணக்கர் ரெண்டுமே என்று முடித்து வைத்தார்.

சரி என்றார் மாமியார்.

மருமகள் தலையணை உறையை முந்தானைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, துணி காயப்போட்டுவிட்டு வருகிறேன் என்று கொல்லைப் பக்கம் நழுவினாள். மாமனார் பேப்பருக்கு மேலாகக் கண்ணால் சீக்கிரம் என்று ஜாடை காட்டினார். கொல்லையில் வெயில் இதமாக இருந்தது. மதில் ஓரத்தில் செடிகள் அடர்ந்து நிழலாக இருந்த இடத்தைப் பார்த்து அவள் குனிந்து முடிச்சை அவிழ்க்கப் போனாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பினாள். மாமியார் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே நின்றிருந்தார். உறை அவள் கையில் நெளிந்தது. துணி நெளியாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

"அது வந்து, அத்தை, துணியிலே..." என்று இழுத்தாள்.

மாமியார் நெளிகிற உறையைப் பார்த்தார். வீட்டுக்குள் கேட்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு பக்கத்தில் வந்து, வழக்கமான அந்தத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அங்க விடாதம்மா, சாயங்காலத்துக்குள்ள மறுபடி உள்ள வந்துடும். மதிலுக்கு அந்தப் பக்கம் காலி மனை இருக்கு பாரு, நான் எப்பவும் அங்கதான் விடுவேன்."